நீலப் பிளைமவுத்

புதுப்பாளையம், கடலூர்
14.11.2004

மச்சான் செம்பியனுக்கு,

போனில் பேசலாம் என்றால், நீ ஒரு வார்த்தையை எட்டாக உடைத்துச் சொல்லி முடிப்பதற்குள் எனக்குக் கடையில் இரண்டு வியாபாரம் போய்விடுகிறது. அதனால் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே. உன் திக்குவாயைக் கிண்டல் செய்ய அக்கா புருஷனுக்கு இல்லாத உரிமை வேறு எவனுக்கு இருக்கிறது?

விஷயம் உன் மருமகள் சுவேதாவைப் பற்றி. நீ கொடுத்த அட்டைப்பெட்டியைத் திறந்த நாள் முதல் அவளுக்குச் சோறு தண்ணீர் இல்லை. உன் சிநேகிதன் சேக் பரீதின் வாப்பா எந்தக் காலத்திலோ சிங்கப்பூரிலிருந்து வாங்கிவந்து, பரங்கிப்பேட்டைப் பரணில் பல்லி முட்டையோடு கிடந்த பிளாஸ்டிக் துண்டுகள். அதை ஒட்டி ஒட்டி ஒரு பிளைமவுத் கார் ஆக்கிவிட்டாள். சாப்பாட்டு மேசை முழுக்கப் பசை. காலேஜில் பிசிக்ஸ் படிக்கிற பெண் விளையாடுகிற விளையாட்டா இது என்று உன் அக்கா அமிர்தம் என்னைத்தான் திட்டுகிறாள், உன்னை ஒரு வார்த்தை சொல்வதில்லை.

நான் இருபது லிட்டர் டிரம்மில் பெயிண்ட் விற்கிறவன். என் மகள் கடைக்கு வந்து ஒரு பாட்டில் மூடியை நீட்டி, "அப்பா, இதுல ரெண்டு சொட்டு வான நீலம், ஒரு சொட்டு வெள்ள ஊத்துப்பா" என்கிறாள். கடைப் பையன்கள் முன்னால் மானம் போகிறது.

தீபாவளிக்கு மறுநாள் அந்த நீலத்தை அடித்துக் காயவைத்தாள். காய்ந்துவிட்டதா என்று பார்க்கக் காரின் டாப்பில் கட்டைவிரலை வைத்தாள். ரேகை அப்படியே பதிந்துவிட்டது. ஒரே அழுகை. "மாமா பாத்தா சிரிப்பாரு, எல்லாத்தையும் சொரண்டிட்டு மறுபடி அடிக்கணும்" என்றாள். "நாடு பூரா பத்திரத்துல கைநாட்டு வெக்கிறான், நீ கார்ல வெச்சிருக்கே, உடு" என்றேன். அதற்கு இன்னும் அழுகை. உன் சீடப்பிள்ளையை நீயே சமாதானம் செய்.

உத்திராபதி

*

மாலைகட்டித் தெரு, சிதம்பரம்
25.11.2004

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். எழுத்தில் எனக்குத் திக்குவதில்லை என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சுவேதாவைச் சுரண்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். சுரண்டினால் பிளாஸ்டிக்கில் கீறல் விழும். பழைய மாடலின் பெயிண்டை எடுக்க ஒரே வழி பிரேக் ஆயில்தான். அதில் ஊறப்போட்டால் பெயிண்ட் மட்டும் தோல் மாதிரி உரிந்து வரும், அடியில் பிளாஸ்டிக்குக்கு ஒன்றும் ஆகாது. பொங்கலுக்கு வரும்போது ஒரு டப்பா கொண்டுவருகிறேன். அவளும் நானும் சேர்ந்து உரித்து, புதிதாக அடித்து, ரேகை இருந்த இடமே தெரியாமல் செய்துவிடுவோம். இது என் வாக்கு என்று சொல்லுங்கள்.

அதுவரை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மேலேயிருந்து எடுத்தால் பொம்மைதான். கேமராவைத் தரையில் வைத்து, காரின் முகத்துக்கு நேரே எடுத்தால் நிஜக் கார் நிற்கிற மாதிரியே விழும். மொட்டைமாடி வேண்டாம், பின்னால் தண்ணீர்த் தொட்டி தெரியும். சில்வர் பீச்சில் ஈர மணலில் வைத்து, பின்னால் கடல் கோடு மட்டும் வரும்படி, காலை வெயிலில் எடுக்கட்டும். டாப்பில் இருக்கும் ரேகை அந்தக் கோணத்தில் தெரியாது.

பல் டாக்டர்கள் இந்த வாரம் ஏழெட்டு பல்செட் கேட்டிருக்கிறார்கள். எல்லாம் மெழுகிலேயே நிற்கிறது. அக்காவிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

செம்பியன்

*

கடலூர்
18.03.2005

செம்பியனுக்கு,

மச்சான் என்று எழுதக் கை வரவில்லை.

காரியத்துக்கு வந்தாய். பந்தல் கால் ஓரமாக நின்றாய். யாரிடமும் ஒரு சொல் பேசாமல் பஸ் ஏறிவிட்டாய். உன் திக்குவாய் அன்றைக்கு உனக்கு நல்ல சாக்காகப் போயிற்று. ஏன் என் முகத்தைப் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும். உன் கடிதத்தை அவள் பிசிக்ஸ் புத்தகத்தில் மடித்து வைத்திருந்தாள். காலை வெயில், ஈர மணல், கடல் கோடு. எல்லாம் நீ எழுதியதுதான்.

கொண்டுபோய் விட்டவன் நான். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியில் ஏற்றிப்போய் சில்வர் பீச்சில் இறக்கிவிட்டேன். "போட்டோ எடுத்துக்கிட்டு இரு, கறி வாங்கிக்கிட்டு வந்துடறேன்" என்றேன். கடல் ஊருக்குள் வருகிறது என்று ஜனம் ஓடிவரும்போது என் கையில் கறிப்பை இருந்தது. அந்தப் பையோடுதான் ஆஸ்பத்திரிக்கும் போனேன் என்று பிறகு சொன்னார்கள். நீ எழுதினாய், நான் கொண்டுபோய் விட்டேன். இதில் உன் பங்கு ஜாஸ்தியா என் பங்கு ஜாஸ்தியா என்று தினமும் கணக்குப் போடுகிறேன். ஒரு நாள் உன்னுடையது, ஒரு நாள் என்னுடையது.

அவள் முகத்தை அமிர்தத்துக்குக் காட்டவில்லை. காட்டுகிற மாதிரி இல்லை. சுடிதாரை வைத்து நான்தான் அடையாளம் சொன்னேன். அமிர்தம் இன்றுவரை அழவில்லை. அழாமல் இருப்பது எனக்குப் பயமாக இருக்கிறது.

போன வாரம் தேவனாம்பட்டினத்திலிருந்து அய்யனார் என்று ஒருவர் வந்தார். சேற்றில் புதைந்த வலையைப் பிரிக்கும்போது கிடைத்ததாம். "ஒங்க பொண்ணு இத மணல்ல வெச்சி, படுத்துக்கிட்டு போட்டா புடிச்சிக்கினு இருந்துச்சி சார், நான் பாத்தேன்" என்று சொல்லி அந்தக் காரைக் கொடுத்தார். முன்பக்கம் நசுங்கிவிட்டது. சக்கரம் ஒன்றுதான் மிச்சம். டாப்பும் பின்பக்கமும் தப்பித்திருக்கின்றன.

அதைப் பார்த்ததும்தான் அமிர்தம் வாயைத் திறந்தாள். "தம்பிகிட்ட குடுங்க, நிக்க வெச்சிக் குடுப்பான்" என்றாள். எனக்கு இந்த வேலை தெரியாது. உனக்குத் தெரியும். பிஸ்கட் டின்னில் பஞ்சு வைத்து அனுப்பியிருக்கிறேன். செய்து அனுப்பு. நேரில் வர வேண்டாம்.

உத்திராபதி

*

சிதம்பரம்
02.07.2005

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

டின் வந்து சேர்ந்தது. உடனே எழுதாததற்கு மன்னிக்கவும்.

முதலில் உப்பை எடுக்க நல்ல தண்ணீரில் பல தடவை அலசினேன். முன் பம்பரும் கிரில்லும் மூன்று துண்டாக இருக்கின்றன, ஒட்டிவிடலாம். பானெட்டின் இடது ஓரம் இல்லை. பல்செட்டுக்குப் போடும் அக்ரிலிக்கில் அச்செடுத்து அந்த ஓரத்தைச் செய்யலாம் என்று நினைக்கிறேன். ஒரு சக்கரம் இருப்பதால் மற்ற மூன்றுக்கும் அதையே அச்சாக வைக்கலாம். டயர்தான் பிரச்சினை. பழைய டயர் ரப்பர் மாதிரியே இருந்தாலும் ரப்பர் இல்லை, பிளாஸ்டிக் மேல் பட்டுக்கொண்டே இருந்தால் அதை அரித்துவிடும். சேக் பரீது வேறு பெட்டி கிடைக்குமா என்று சிங்கப்பூருக்கு எழுதிக் கேட்கிறார்.

சீட்டுக்கு அடியில் ஒரு சிட்டிகை மணல் இருந்தது. கொட்ட மனம் வரவில்லை. ஒரு காகிதத்தில் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறேன்.

அக்கா சாப்பிடுகிறாளா? நீங்கள் கேட்ட கணக்கை நானும் போட்டுப் பார்க்கிறேன் மாமா. எனக்கு எந்த நாளும் ஒரே விடைதான் வருகிறது. ஒரு நாள்கூட அது உங்கள் பங்காக வந்ததில்லை.

செம்பியன்

*

கடலூர்
20.01.2006

செம்பியனுக்கு,

வருஷத் திதியும் முடிந்துவிட்டது. ஊருக்கெல்லாம் பல் கட்டிக் கொடுக்கிறவனுக்கு நாலு சக்கரம் மாட்ட இத்தனை நாளா? அக்ரிலிக், அச்சு, டயர், சிங்கப்பூர் என்று எனக்குப் பாடம் எடுக்காதே. வாசலில் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் அமிர்தம் எழுந்து போய்ப் பார்க்கிறாள். நேற்று மணி கேட்டது. அவள் எழுந்திருக்கவில்லை.

முடியாது என்றால் முடியாது என்று எழுதி, அப்படியே திருப்பி அனுப்பிவிடு.

உத்திராபதி

*

சிதம்பரம்
08.01.2007

அன்புள்ள மாமாவுக்கு,

முடித்துவிட்டேன். இந்தக் கடிதத்தோடு வரும் மரப்பெட்டியில் இருக்கிறது. அக்காவையே திறக்கச் சொல்லுங்கள்.

இத்தனை நாள் ஆனதற்கு டயர் காரணமில்லை. டயர் எப்போதோ வந்துவிட்டது. வேலையை எடுத்து மேசையில் வைப்பேன், கை நடுங்கும், மறுபடி உள்ளே வைத்துவிடுவேன். பல்செட் வேலையில் கை நடுங்கினதே இல்லை. ஐப்பசியில் ஒரு நாள் சுவேதாவுக்கு நான் கொடுத்த வாக்கு ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு கை நின்றுவிட்டது. அவளுக்காகச் செய்கிறேன் என்று நினைத்ததும் வேலை ஓடியது.

சொன்னபடியே பிரேக் ஆயிலில் ஊறப்போட்டுப் பெயிண்ட் முழுவதையும் எடுத்தேன். அவள் கலந்த அதே நீலத்தைக் கலந்து, மெல்லிசாக ஆறு தடவை அடித்து, ஒவ்வொரு தடவையும் காயவைத்துத் தேய்த்தேன். டாப்பில் முகம் பார்க்கலாம். எது அவள் ஒட்டியது, எது நான் செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. உள்ளே அங்கங்கே பசைக் கறை இருக்கிறது. வெளியே தெரியாது என்பதால் அதைத் தொடவில்லை. அடித்தட்டை நல்ல பசை போட்டு ஒட்டிவிட்டேன், இனி எத்தனை தடவை கையில் எடுத்தாலும் கழன்று வராது.

அவள் ஆசைப்பட்ட மாதிரியே வந்திருக்கிறது மாமா. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு கார் நான் செய்ததில்லை.

செம்பியன்

*

கடலூர்
13.01.2007

செம்பியனுக்கு,

அவள் விரல் எங்கே?

பெட்டியை அமிர்தம்தான் திறந்தாள். காரைத் தூக்கினாள். கண்ணால் பார்க்கவே இல்லை, நேராக டாப்பில் விரலை வைத்தாள். வைத்துத் தடவினாள். இந்தப் பக்கம் தடவினாள், அந்தப் பக்கம் தடவினாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "வேற கார அனுப்பிட்டானா?" என்று கேட்டாள்.

அய்யனார் கொண்டுவந்து கொடுத்தபோது முழுக்கச் சேறு. அமிர்தம் முந்தானையால் அந்த ஓர் இடத்தை மட்டும்தான் துடைத்தாள். சுவேதாவின் கட்டைவிரல் பதிந்த அந்தக் குழியில் தன் சுண்டுவிரலை வைத்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பாள். முகம் பார்க்காதவளுக்கு அதுதான் மிச்சம். சாய்ந்து சாய்ந்து விழுகிறதே, நாலு சக்கரம் இருந்தால் நிற்குமே என்றுதான் உன்னிடம் அனுப்பச் சொன்னாள். சக்கரம் கேட்டோம். அவ்வளவுதான் கேட்டோம்.

நீ வாக்குக் கொடுத்தது உண்மை. நீ எழுதியதை நானே அவளுக்குப் படித்துக் காட்டினேன். ஆனால் அப்போது அவள் உயிரோடு இருந்தாள். மறுபடி பெயிண்ட் அடிக்க, மறுபடி விரல் வைத்துக் கெடுக்க, மறுபடி அழ அவளுக்குக் கை இருந்தது. இப்போது யாருக்காக அதைச் சரி செய்தாய்? உன் கை நடுக்கம் நிற்பதற்காகவா?

பெயிண்ட் கடைக்காரன் நான், பெயிண்டை உரித்துவிடுவாய் என்று எனக்கே தோன்றவில்லை. முகம் பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறாய். பார்த்தேன். என் முகம்தான் தெரிகிறது.

இனி எழுதாதே. வந்தாலும் பிரிக்க மாட்டேன்.

உத்திராபதி

*

கடலூர்
10.02.2012

செம்பியனுக்கு,

நீ எழுதிய கடிதங்களைப் பிரிக்காமலே தபால்காரரிடம் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச காலமாக வருவதும் நின்றுவிட்டது. இப்போது நானே எழுதுகிறேன். எனக்கு வேறு வழி இல்லை.

தானே புயலில் கடைக்கூரை முழுசாகப் பறந்துபோய்விட்டது. ரோடு முழுக்க டிரம் உருண்டு, தெருத் தண்ணீரெல்லாம் பச்சையும் சிவப்புமாக ஓடியது. அதற்காக எழுதவில்லை. கடையை மறுபடி கட்டிக்கொள்ளலாம்.

அமிர்தத்தின் கண்ணைச் சர்க்கரை தின்றுவிட்டது. வெளிச்சம் இருட்டு தெரியும், அவ்வளவுதான். நீ செய்த கார் அவள் தலைமாட்டில்தான் இருக்கிறது. தூக்கிப் போடவும் மாட்டாள். தினமும் ஒரு தடவை எடுத்து டாப்பைத் தடவிப் பார்ப்பாள், வைத்துவிடுவாள். புயல் அடித்த அன்றைக்குக் கதவு படபடவென்று அடித்துக்கொள்ளும்போது அதை மடியில் வைத்துக்கொண்டு, "அவ வெரல் இருந்தா புடிச்சிக்குவேன், இதுல புடிமானமே இல்லியே" என்றாள்.

என்னால் தாங்க முடியவில்லை. கடையில் தப்பிய டப்பாக்களில் இருந்து அதே நீலத்தைக் கலந்தேன். அவளுக்குத் தெரியாமல் டாப்பில் கெட்டியாக அடித்தேன். பாதி காய்ந்த பதத்தில் என் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். நன்றாகவே விழுந்தது. நன்றாகக் காய்ந்த பிறகு அவள் கையில் கொடுத்தேன்.

சுண்டுவிரலை வைத்தாள். பிறகு, "இது பாப்பாது இல்ல. ஒங்களுது. பெருசா இருக்குது" என்றாள். காரைத் தலைமாட்டில் வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அதைத் தொடவே இல்லை. சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. ஊசி போட்டுக்கொள்ள மாட்டேன் என்கிறாள். நீ அழித்தாய். மிச்சம் இருந்த பழக்கத்தையும் நான் அழித்துவிட்டேன்.

சுவேதா சின்னப் பிள்ளையாக உன் வீட்டில் லீவுக்கு வந்து தங்கும்போதெல்லாம் உன் மேசையில்தானே கிடப்பாள். மெழுகு, அச்சு மாவு, பிளாஸ்டிக் துண்டு, எதிலாவது அவள் கை பட்டது ஒன்று இருக்கிறதா? ஓட்டையோ உடைசலோ, எதுவாக இருந்தாலும் சரி. சுத்தம் செய்யாமல் அனுப்பு.

உத்திராபதி

*

சிதம்பரம்
16.02.2012

அன்புள்ள மாமாவுக்கு,

வீடு முழுக்கத் தேடினேன். அவள் தொட்ட மெழுகையெல்லாம் நான் எப்போதோ உருக்கிவிட்டேன். மெழுகை மறுபடி மறுபடி உருக்குவதுதான் எங்கள் வேலை. இங்கே எதுவும் இல்லை.

ஆனால் உங்கள் வீட்டில் இருக்கிறது.

காரோடு அனுப்பிய கடிதத்தில், உள்ளே பசைக் கறை இருக்கிறது, வெளியே தெரியாது என்று எழுதியிருந்தேன். நீங்கள் இருந்த நிலையில் அது உங்கள் கண்ணில் பட்டிருக்காது. எனக்கும் அப்போது அது வெறும் கறையாகத்தான் பட்டது; அவள் விரல் எங்கே என்று நீங்கள் எழுதிய பிறகுதான் அது அவள் ரேகை என்று புரிந்தது. டாப்பின் உள்பக்கம், முன் கண்ணாடிக்கு மேலே இருக்கிறது. கண்ணாடியை ஒட்டும்போது நகராமல் இருக்க, பசை பட்ட கட்டைவிரலால் உள்ளிருந்து அழுத்திப் பிடித்திருக்கிறாள். எல்லாப் புதுக் கையும் செய்கிற தப்பு. இந்தப் பசை ஒட்டுவதில்லை மாமா, பிளாஸ்டிக்கை இளக்கி ஒன்றோடொன்று சேர்க்கிறது. இளகின பிளாஸ்டிக்கிலேயே ரேகை விழுந்து இறுகிவிட்டது. வெளியே இருந்தது பெயிண்டில் விழுந்தது, அதனால் உரிந்து போயிற்று. இதைப் பிரேக் ஆயில் ஒன்றும் செய்யாது. நான் அதைத் தேய்த்து எடுத்திருப்பேன். கண்ணில் படாத இடத்துக்கு எங்கள் வேலையில் யாரும் மெனக்கெடுவதில்லை. அந்தச் சோம்பல்தான் அதை மிச்சம் வைத்திருக்கிறது.

திரும்பி வந்த கடிதம் ஒன்றில் இதை எழுதியிருந்தேன். பிரிக்காமல் வந்தபோது, நேரில் வந்து சொல்லியிருக்க வேண்டும். வாசலில் நின்று திக்கிக்கொண்டு நிற்பதை நினைத்துப் பயந்துவிட்டேன்.

அதை எடுக்கக் காரை உடைக்க வேண்டும். அடித்தட்டைக் கழற்ற வராது, அவ்வளவு கெட்டியாக ஒட்டிவிட்டேன். கதவுக்குக் கீழே சுற்றிலும் அறுத்து எடுக்கலாம். அறுத்தால் கண்ணாடி விரிசல் விடும், சக்கரம் எல்லாம் அடித்தட்டோடு போய்விடும். மறுபடி நிற்காது. நான் வந்து அறுக்கட்டுமா? வர வேண்டாம் என்றால் வரவில்லை. அக்காவை ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

செம்பியன்

*

கடலூர்
24.02.2012

மச்சான் செம்பியனுக்கு,

நீ வரும்வரை காத்திருக்கவில்லை. கடையிலிருந்து ஹாக்ஸா பிளேடு ஒன்றை எடுத்துவந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். சத்தம் கேட்டு, "என்னத்த அறுக்கறீங்க?" என்றாள். காரை என்றேன்.

நீ சொன்ன மாதிரியே கண்ணாடி விரிந்தது. பின்பக்கம் உடைந்தும் போயிற்று. என் விரலிலும் இரண்டு இடத்தில் வெட்டு. மேல்கூடு தனியாக வந்ததும் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தேன். முழு விரல் இல்லை, பாதிதான். ஆனால் கோடு கோடாக, நேற்று வைத்த மாதிரி இருக்கிறது.

கூட்டைக் கவிழ்த்து அமிர்தத்தின் உள்ளங்கையில் வைத்து, அவள் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன். நான் ஒன்றும் சொல்லவில்லை, என்னைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, ஏதாவது சொல்லிக் கெடுத்துவிடுவேன். ரொம்ப நேரம் வைத்திருந்தாள். அப்புறம் கோபமாக, "பசக் கையக் கழுவாம சோத்துல வெக்காதன்னு எத்தினி வாட்டி சொல்லியிருப்பேன் இவளுக்கு" என்றாள்.

சொல்லிவிட்டு அழுதாள். ஏழு வருஷத்து அழுகையை அழுதாள். பக்கத்து வீட்டிலிருந்து ஓடிவந்து, யார் செத்தது என்று கேட்டார்கள். என் மகள் என்றேன்.

உன்னை நான் மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. என்னையே நான் மன்னிக்கவில்லை, உனக்கு மட்டும் எங்கிருந்து கொண்டுவருவது? உன் அக்காதான் வரச் சொல்கிறாள். இரண்டு நாளாக ஊசி போட்டுக்கொள்கிறாள், கூட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு.

அந்த மணல் பொட்டலம் இன்னும் இருந்தால் எடுத்துவா. திக்கினாலும் பரவாயில்லை, பேசு.

பசை கொண்டுவராதே.

உத்திராபதி